மிதிவண்டிக்கென்று ஒரு வழி

(பேத்தமங்களாவில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவர் கண்ட அறத்தையோ, சிலம்பின் சிறப்பையோ எடுத்துரைப்பதே மரபு. அத்தகைய புலமை எங்களுக்கு இல்லை. "கணவனும் மனைவியுமாக அயர்லாந்து நாட்டுக் கடலோரத்தில் மிதிவண்டியில் சுற்றி வந்தீர்களாமே, அதைப் பற்றியே பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அறிஞர் பலர் பேசிய மேடையில் சைக்கிளைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் தயங்கினோம். எண்ணிப் பார்த்தபோது, இந்த ஏரிக்கரையில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று அதில் அடங்கியிருக்கிறது என்பதை உணர்ந்தோம். ஆகவே இசைந்தோம். இவ்வுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் எங்கள் இருவரையும் குறிக்கும். ஒருவர் இங்கே நின்று பேசுகின்றார். மற்றவர் முன்வரிசையில் அமர்ந்து, பிழை நேர்ந்தால் திருத்துவதற்குக் காத்திருக்கின்றார்.

ஏரிக்கரையில் பயின்ற பாடம்

நாம் கூடியிருக்கும் இப் பேத்தமங்களா பழம்பெருமை வாய்ந்த ஊர். விஜயாதித்தமங்கலம் என்பது இதன் பழம்பெயர் என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. அவ்வாற்றை மறித்துக் கட்டியதே நம் ஏரி. இது கோடி போனால் அந்நீர் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் செல்லும். எந்த வடஆர்க்காட்டு மண்ணிலிருந்து நம் பாட்டனாரும் பூட்டனாரும் தங்கவயலுக்குப் பிழைக்க வந்தார்களோ, அந்த மண்ணை நோக்கியே இந்த நீர் ஓடுகிறது. அவர்கள் வந்த வழியும் நீர் போகும் வழியும் ஒன்றே.

தங்கவயலுக்குப் பல்லாண்டுகள் குடிநீர் ஊட்டியதும் இவ்வேரிதான். ஏரி பள்ளத்தில் இருக்கிறது. சுரங்கங்களோ மேட்டில் இருக்கின்றன. ஆகவே இங்கு நீரேற்று நிலையம் அமைத்து, குழாய் வழியே மேலேற்றினார்கள். இந்த மேடு பள்ளத்தை எங்களுக்குக் கற்பித்தது நூல் அன்று, சைக்கிள்தான். தங்கவயலிலிருந்து பேத்தமங்களாவுக்கு வரும்போது பாதை பெரும்பாலும் இறக்கம், கால் வலிக்காது. திரும்பிப் போகும்போதுதான் மூச்சு வாங்கும்.

அந்த நாள்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் மணிக்கு இருபத்தைந்து காசு கொடுத்து வாடகைச் சைக்கிள் எடுப்போம். கடைக்காரர் பெயரையும் நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். பிரேக்கு இருக்கிறதா, பெல்லு அடிக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு சைக்கிளில் மூவர் ஏறுவதும் உண்டு: ஒருவர் பாரில், ஒருவர் காரியரில். சாம்பல் நிறமான சயனைடு மண்மேடுகள் பின்னால் மறையும். கேழ்வரகுக் கொல்லைகளும் முசுக்கட்டைத் தோட்டங்களும் வரும். பிறகு பாறைக் குன்றுகளுக்கு இடையே ஏரியின் நீர்ப்பரப்புப் பளபளவென்று தோன்றும். சுரங்கத்துக்குள் ஆறு நாள் உழைத்தவருக்கு அந்தக் காட்சியே பெரிய விருந்து.

எம் துணைவியார் பிறந்து வளர்ந்தது இவ்வூரில்தான். அவர் தந்தையார் நீரேற்று நிலையத்தில் பணியாற்றினார். அக்காலத்தில் பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவதா என்று ஊரார் முகம் சுளிப்பார்கள். எனினும் அவருடைய அண்ணன் துணிந்து தங்கைக்குக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்த இடம் இதோ தெரிகிறதே, இந்த ஏரிக்கரைதான். அன்று இக்கரைமேல் ஆட்டு மந்தையும் எப்போதாவது ஒரு மாட்டு வண்டியும் வரும், வேறொன்றும் வாராது. தங்கை மிதிக்க, அண்ணன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார். "பிடித்திருக்கிறாயா அண்ணா?" என்று தங்கை கேட்பார். "பிடித்திருக்கிறேன், நீ முன்னாலே பார்" என்று அண்ணன் கூறுவார். ஒருநாள் அந்த மறுமொழி வெகு தூரத்திலிருந்து கேட்டது. அப்போதுதான் தாம் தனியே ஓட்டிக்கொண்டிருப்பது தங்கைக்குத் தெரிந்தது.

அந்த அண்ணன் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாள்தோறும் பேத்தமங்களாவிலிருந்து சைக்கிளிலேயே வருவார். தொழிற்பட்டறையில் பணியாற்றிய எங்களுக்கு அவர் நண்பரானார். பின்னர் மைத்துனரும் ஆனார். 1986ஆம் ஆண்டில் ஒருநாள், விடியற்காலை முறைக்கு வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி ஒன்று மோதிச் சென்றுவிட்டது. சாலையின் ஓரத்தில்தான் அவர் வந்திருக்கிறார், விளக்கும் எரிந்திருக்கிறது. ஆயினும் அந்தச் சாலையில் சைக்கிளுக்கென்று ஒரு முழ இடமும் இல்லை. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடிப்புக்குத் தப்பியவர், மண்ணுக்கு மேலே தப்பவில்லை. அன்று முதல் எம் துணைவியார் மிதிவண்டியைத் தொட்டதில்லை. எங்கள் மகளையும் தொடவிட்டதில்லை.

அட்லாண்டிக் கரையில்

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு நம் பிள்ளைகள் எங்கெங்கு சென்றார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் மகள் செவிலியர் கல்வி கற்று அயர்லாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றில் பணியேற்றாள். 2018ஆம் ஆண்டு மே மாதம் அவளைப் பார்க்கச் சென்றோம். அந்நாட்டின் மேற்குக் கோடியில் மேயோ என்றொரு மாவட்டம் உண்டு. அங்கு வெஸ்ட்போர்ட் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றாள். மறுநாள் காலை ஒரு கடை வாசலில் நிறுத்தி, "அப்பா, இங்கே வாடகைச் சைக்கிள் கிடைக்கும்" என்றாள். ராபர்ட்சன்பேட்டைக் கடையை அத்தனை தொலைவில் மீண்டும் கண்டதுபோல் இருந்தது எங்களுக்கு. அம்மாவின் முகமோ வாடிவிட்டது.

"அம்மா, இந்த வழியில் மோட்டார் வண்டி வாராது. நம்பி வாருங்கள்" என்று மகள் மன்றாடினாள். "நான் நடந்தே வருகிறேன்" என்றார் தாய். இருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் ஒருவர் வெறுங்கையோடும் அந்த வழியில் நடக்கத் தொடங்கினோம்.

அந்த வழியின் இயல்பைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வெஸ்ட்போர்ட்டிலிருந்து நியூபோர்ட், மல்ரானி ஆகிய ஊர்கள் வழியாக அக்கில் தீவின் வாயில் வரை 42 கிலோமீட்டர் நீளம். சிறுகல்லும் கல்தூளும் இட்டு உருட்டிச் சமன் செய்த பாதை. இரண்டு மிதிவண்டிகள் இணையாகச் செல்லலாம். எதிரே ஒருவர் வந்தால் புன்னகையோடு ஒதுங்கிக்கொள்ளலாம். ஊர்ச்சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் சிறு கதவு இருக்கும். இறங்கி, இருபுறமும் பார்த்துச் செல்ல வேண்டும். மற்ற இடங்களில் காதுக்குக் கேட்பது காற்றும் ஆடுகளின் குரலும்தான்.

தெற்கே கிளூ விரிகுடா. அதில் சிறு சிறு பச்சைத் தீவுகள், கவிழ்த்து வைத்த கிண்ணங்களைப் போல. ஆண்டின் நாள்களைப் போல 365 தீவுகள் என்று அவ்வூரார் கூறுவர். அக்கரையில் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பாட்ரிக் என்னும் மலை, கூம்பு போல் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் மக்கள் அதன்மேல் வழிபாட்டுக்காக ஏறுகின்றனர். வெறுங்காலோடு ஏறுவோரும் உளர். வடக்கே கரடுமுரடான மலைகளும், நீர் கசியும் கரிநிலங்களும். அந்நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, உலர்த்தி, அடுப்பெரிக்கின்றனர். கரையில் பாறைகளின்மீது அலை மோதிக்கொண்டே இருக்கிறது. மரங்கள் குறைவு, நிற்பவையும் மேல்காற்றுக்கு அஞ்சி ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. அரை நாளில் மூன்று முறை மழை பெய்து மூன்று முறை வெயில் அடித்தது.

நியூபோர்ட் ஊரை அன்று நடந்தே அடைந்தோம். இரவு அங்கே தங்கினோம். மறுநாள் ஊர்ப்புறத்தில் ஒரு காட்சியைக் கண்டோம். எண்பது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர், சைக்கிளின் முன்கூடையில் ரொட்டியும் காய்கறியும் வைத்துக்கொண்டு நிதானமாக மிதித்துச் சென்றார். அவர் பின்னே ஐந்து வயதுக் குழந்தை தன் சிறு சைக்கிளில் சென்றது. அதற்கும் பின்னே அதன் தாய், குழந்தையைப் பற்றிய கவலை சிறிதும் இன்றி, யாருடனோ பேசிக்கொண்டு நடந்து வந்தார். எம் துணைவியார் நெடுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் சைக்கிளை வாங்கினார், ஏறினார். 32 ஆண்டுகளுக்குப் பின் ஏறினார். முதலில் தடுமாறியது, பிறகு நேராகச் சென்றது. அன்று மல்ரானி வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் அவரே ஓட்டினார்.

மல்ரானியில் தேநீர் அருந்தும்போது மகள், "பயமாக இருந்ததா அம்மா?" என்று கேட்டாள். "இல்லை. அண்ணன் பின்னாலே பிடித்துக்கொண்டு ஓடிவருவது போலவே இருந்தது" என்றார் அவர். அதற்குமேல் நாங்கள் மூவரும் பேசவில்லை.

இருப்புப்பாதை மாறிய வரலாறு

இத்தகைய வழியை அவர்கள் புதிதாக மலையைக் குடைந்து அமைத்தார்களா? இல்லை. அது பழைய இருப்புப்பாதை. வெஸ்ட்போர்ட்டிலிருந்து நியூபோர்ட்டுக்கும் மல்ரானிக்கும் 1894ஆம் ஆண்டில் புகைவண்டி ஓடத் தொடங்கியது; அக்கிலுக்கு 1895இல் சென்றது. 1894 என்றவுடன் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்கு நம் தங்கவயல் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒரே வயதுடைய பாதைகள். நம்முடையது இன்றும் உயிரோடிருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான நம் மக்களைப் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் சென்று, இரவில் களைப்போடு திருப்பிக் கொண்டுவருகிறது. அவர்களுடையது 1937இல் மூடப்பட்டது.

எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாதை புல் மூடிக் கிடந்தது. நிலம் அண்டைக் குடியானவர்களின் கைக்குப் போயிற்று. பிறகு மாவட்ட மன்றத்தாரும் ஊராரும் கூடிச் சிந்தித்தார்கள். நிலத்தைச் சட்டத்தால் பறிக்கவில்லை. ஒவ்வொரு குடியானவர் வீட்டுக்கும் சென்று, "நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், வழி மட்டும் விடுங்கள்" என்று கேட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இசைந்தனர். 2010இல் முதற் பகுதியும் 2011இல் முழுவதும் திறக்கப்பட்டன. இதில் நாம் கற்கவேண்டிய பாடம், கேட்கும் முறையில் இருக்கிறது.

புகைவண்டிப் பாதை மிதிவண்டிக்கு ஏற்றதாக அமைவதற்குக் காரணம் உண்டு. புகைவண்டியால் செங்குத்தாக ஏற இயலாது. ஆகவே பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், ஆற்றுக்குப் பாலமிட்டும், மெல்ல மெல்ல ஏறி இறங்குமாறு பாதை அமைப்பர். நியூபோர்ட்டில் செங்கல் நிறக் கற்களால் ஏழு வளைவுகளோடு கட்டிய பெரிய பாலத்தை இன்று மிதிவண்டிக்காரர் கடக்கின்றனர். அன்று இரும்பு வண்டிக்காகச் செய்த சமன், இன்று முதியவரின் முழங்காலுக்கு உதவுகிறது.

அயர்லாந்தில் மட்டும் அன்று; பிரான்சு நாட்டிலும் அட்லாண்டிக் கரையோரமாக, வடக்கே ரோஸ்கோவ் துறைமுகத்திலிருந்து ஸ்பெயின் எல்லை வரை, 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மிதிவண்டி வழியை 2012இல் திறந்தார்கள். அதன் பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகள் வாரா. பழைய கால்வாய்க் கரைகளையும் கைவிட்ட இருப்புப்பாதைகளையும் அவர்களும் பயன்படுத்தியிருக்கின்றனர். நீரும் புகைவண்டியும் சமநிலத்தைத் தேடுபவை, சைக்கிளும் அவ்வாறே.

பிழைக்கச் சென்றோரின் வழி

மல்ரானியில் ஒரு முதிய குடியானவர் எங்களோடு உரையாடினார். எங்கள் ஊர் எது என்று கேட்டார். தங்கச் சுரங்கத்து ஊர், சுரங்கம் மூடிவிட்டது, பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள் என்றோம். அவர் தலையசைத்து, "அப்படியென்றால் இந்தப் பாதையின் கதை உங்களுக்குப் புரியும்" என்று கூறத் தொடங்கினார்.

அக்காலத்தில் அக்கில் வறிய தீவு. அங்குள்ள இளைஞரும் பெண்களும் ஆண்டுதோறும் கோடையில் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அகழும் கூலி வேலைக்குச் செல்வர். 1894ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், கிளாஸ்கோ செல்லும் கப்பலை ஏறுவதற்காக அவர்கள் பாய்மரப் படகுகளில் வெஸ்ட்போர்ட் துறைக்கு வந்தனர். பெரிய கப்பலைக் காணும் ஆவலில் ஒரு படகில் இருந்தோர் ஒரு பக்கமாகத் திரண்டனர். படகு கவிழ்ந்தது. 32 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம்பிள்ளைகள். முறையாகத் திறக்கப்படாத அந்தப் புதிய இருப்புப்பாதையில் தனி வண்டி ஒன்றை விட்டு, அவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுசென்றனர்.

1937 செப்டம்பரில் மீண்டும் ஒரு துயரம். ஸ்காட்லாந்தில் கர்க்கின்டில்லாக் என்னும் ஊரில் கூலிகள் தங்கியிருந்த கொட்டகை இரவில் தீப்பற்றியது. அக்கில் தீவைச் சேர்ந்த ஆண்பிள்ளைகள் பதின்மர் இறந்தனர். அவர்களில் இளையவனுக்கு வயது 13. பாதை மூடப்படவிருந்த நாள்களில், அவர்களின் உடல்களும் அதே புகைவண்டியில் வந்தன. முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணங்களையே சுமக்கும் என்று பழங்காலத்தில் ஒருவர் முன்னறிந்து கூறியதாக அத்தீவில் ஒரு வழக்கு நிலவுகிறது.

இதைக் கேட்டபோது நாங்கள் அயர்லாந்தை மறந்தோம், தங்கவயலையே நினைத்தோம். பாறை வெடித்து மண்ணுக்குள் அடங்கியவரை நினைத்தோம். சயனைடு மேடுகளின் புழுதியை உண்டு நெஞ்சு நோயில் மாண்டவரை நினைத்தோம். ஊரைவிட்டு ஊர் போய் உழைப்போரின் கதை எங்கும் ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்கில் மக்கள் தம் துயரம் நடந்த வழியைக் காடாக விட்டுவிடவில்லை. அதனைத் தூய்மை செய்து, தம் பேரப்பிள்ளைகள் அச்சமின்றிச் செல்லும் வழியாக்கினார்கள். அவ்வழியில் இன்று வாடகைச் சைக்கிள் கடைகளும், தேநீர்க் கடைகளும், தங்குமிடங்களும், களைத்தவரைச் சைக்கிளோடு ஏற்றி வரும் வண்டிகளும் இருக்கின்றன. அவற்றால் உள்ளூர்ப் பிள்ளைகள் சிலருக்கேனும் உள்ளூரிலேயே வேலை கிடைக்கிறது.

நாம் செய்யத்தக்கது

பெரியோர்களே! அயல்நாட்டுப் பெருமை பேசி, நம் ஊரைத் தாழ்த்துவது எங்கள் நோக்கம் அன்று. நமக்குக் கடல் இல்லை, ஏரி இருக்கிறது. கடலோரப் பாறை இல்லை. அதற்கு இளையாத குன்றுப் பாறைகள் இருக்கின்றன. மிதிவண்டியில் ஊர் சுற்றும் பழக்கமோ அவர்களுக்கு இணையாக நம்மிடமும் இருந்தது. நமக்கு இல்லாதது வழி ஒன்றே.

இன்று யார் இச்சாலையில் சைக்கிள் ஓட்டுகின்றார்கள்? மோட்டார் சைக்கிள் வாங்க இயலாதவர். பால் கொண்டு செல்பவர். எல்லாருக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகள். கருநாடக அரசு 2006-07ஆம் கல்வியாண்டு முதல் பல ஆண்டுகள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வழங்கியது. தமிழகத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளையும் கற்பிக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றனர். வண்டி கொடுத்தோம், ஓட்டவும் கற்பித்தோம். ஓட்டுவதற்கு இடம் கொடுத்தோமா? தக்காளியும் மாங்காயும் ஏற்றிய வண்டிகள் விரையும் சாலையின் விளிம்பில், புத்தகப் பையோடு ஒரு சிறுமி செல்வதைக் காணும்போதெல்லாம் எங்கள் வயிறு கலங்குகிறது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். பேத்தமங்களாவிலிருந்து தங்கவயலுக்கு, மோட்டார் வண்டி நுழையாத ஒரு மிதிவண்டி வழி வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். அக்கில் பாதையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. முழுவதையும் ஒரே நாளில் கேட்க வேண்டா. முதலில் ஏரிக்கரையோரமாக ஒரு பகுதி. பிறகு சாலையை ஒட்டி, இடையில் மரவரிசை விட்டு ஒரு பகுதி. பிறகு கொல்லைகளின் ஓரமாக ஒரு பகுதி. மேயோ மக்கள் கேட்டதுபோல், நாமும் குடியானவர் வீடுகளுக்குச் சென்று, "நிலம் உங்களுடையது; வழி மட்டும் விடுங்கள்" என்று கேட்போம். தமிழிலும் கேட்போம், கன்னடத்திலும் கேட்போம், தெலுங்கிலும் கேட்போம். இம்மூன்று மொழியும் பேசி வாழ்ந்தவர்களே தங்கவயல் மக்கள்.

ஒன்றை மறவாது சொல்ல வேண்டும். ஏரிக்கரை விளையாட்டுப் பொருள் அன்று. 1903 நவம்பரில் பெருமழையால் இப்பகுதி ஏரிகள் உடைத்துக்கொண்டபோது, பாலாற்றில் பாய்ந்த வெள்ளம் வாணியம்பாடியில் பெருஞ்சேதம் விளைவித்தது. பலர் உயிர் துறந்தனர். 2021 நவம்பரிலும் பாலாறு பெருகி ஓடியதைக் கண்டோம். ஆகவே கரையை வெட்டாமலும், மதகையும் கோடியையும் மறைக்காமலும், அறிந்த பொறியாளரின் சொற்படியே எதையும் செய்ய வேண்டும். மிதிவண்டியின் பாரம் கரைக்கு ஒரு பாரமே அன்று. கரையை நாள்தோறும் பார்க்கும் கண்கள் மிகுதியாகும் என்பதும் ஒரு நன்மை. சிறு கசிவையும் முதலில் காண்பவர் அவ்வழியே செல்பவர்தான்.

"வேலையே இல்லாத ஊரில் வழி எதற்கு?" என்று நண்பர் ஒருவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வழி, மூடிய சுரங்கத்தைத் திறந்துவிடாது. பெங்களூர் வண்டியின் கூட்டத்தையும் குறைத்துவிடாது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் ஊரில் எஞ்சியிருப்பவர் யார் என்று பாருங்கள்: முதியோர், பெண்கள், பிள்ளைகள். வேலைக்குச் சென்றோர் பத்துமணி இரவில் திரும்பும்வரை ஊரைக் காப்பவர் அவர்களே. பள்ளிக்கும் கடைக்கும் மருத்துவரிடத்துக்கும் அவர்கள் உயிருக்கு அஞ்சாமல் சென்றுவர வேண்டும். அதைச் செய்வதற்குத் தங்கம் வேண்டியதில்லை. கல்தூளும் மனமும் போதும்.

எங்கள் மைத்துனர் பெயரால் ஒரு கல்லை நடவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரைப் போல் இச்சாலையில் மடிந்தவர் பலர். எல்லாருக்கும் கல் நட்டால் இரு மருங்கும் கல்லாகிவிடும். கல்லுக்குப் பதில் புளியங்கன்றை நடுவோம். அந்நிழலில் நம் பிள்ளைகள் செல்லட்டும்.

அயர்லாந்திலிருந்து திரும்பிய மறு வாரமே எம் துணைவியார் ஒரு பழைய சைக்கிளை வாங்கினார். சாலைக்கு எடுத்துச் செல்வதில்லை. ஞாயிறுதோறும் காலையில் இக்கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகின்றார். அண்டை வீட்டுச் சிறுமியர் இருவர் அதில் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கின்றனர். வயது காரணமாக அவரால் நெடுந்தூரம் பின்னால் ஓட இயலவில்லை. அப்போது நாங்கள் மாறி மாறிப் பிடித்துக்கொள்கின்றோம். சங்கத்து இளைஞர் சிலர் வந்து கை கொடுத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும். வழி வரும்வரை பயிற்சியேனும் நடந்துகொண்டிருக்கட்டும்.

 வாழ்க தமிழ்! வாழ்க தங்கவயல் மக்கள்!